கிணற்றடியில் சொன்ன நாலாவது பெயர்

காத்தோட்டிக்காயின் கசப்பு நாக்கில் பட்டால் எனக்கு இன்றும் கோபம்தான் வரும். எங்கள் ஊரான பண்டத்தரிப்பில் நாங்கள் ‘வேதக்காரர்’, அதாவது கிறிஸ்தவர்கள். ஆனாலும் ஆடி அமாவாசைக்குப் பக்கத்து வளவிலிருந்த எங்கள் சைவச் சொந்தம், கந்தையாப் பெரியையா வீட்டிலிருந்து அந்தக் காயில் வைத்த விரதக் கறி தவறாமல் வரும்.

சண்டையால் கீரிமலைத் தீர்த்தக்கரைக்குப் போக முடியாமல் போன வருஷங்களில் பெரியையா தன் கிணற்றடியிலேயே எள்ளும் தண்ணீரும் இறைத்தார். தகப்பன், தகப்பனின் தகப்பனான பேரன், அவரின் தகப்பனான பூட்டன் என்று மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்வதுதான் முறை. அவரோ நாலாவதாக, பூட்டனின் தமையன் வேலாயுதர் என்றும் சொல்லி இன்னொரு கை தண்ணீர் விட்டார். யார் அது என்று கேட்டேன்.

“உங்கடை கொப்பாட்டன், பிள்ளை. அவரின்ரை ஆக்கள் சொல்லமாட்டினம் எண்டுதான் நாங்கள் சொல்லுறம்.”

எங்கள் கொப்பாட்டன், அதாவது பூட்டனின் தகப்பன், சாமுவேல் வில்மட் அல்லவா! வாத்தியாரான அப்பா பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் வரைந்த வம்ச மரத்தின் உச்சியில் அந்தப் பெயரைத்தான் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். அம்மாவிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது: மிஷன் விடுதியில் வேலாயுதர் படிக்கக் காசு அனுப்பிய, முகமே காணாத அமெரிக்கத் துரை ஒருவரின் பெயரை அப்படியே அவருக்குச் சூட்டிவிட்டார்களாம். பெற்றவள் கூப்பிட்ட பெயரை ஒரு கோப்பைச் சோற்றுக்காகப் பிடுங்குவதா? என்ன அநியாயம் இது! மரத்தில் பென்சிலால் ‘வேலாயுதர்’ என்று எழுதினேன். அப்பா அழிறப்பரால் அழித்துவிட்டு, ஞானஸ்நானப் பதிவில் இல்லாத பெயர் இதில் வேண்டாம் என்றார்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது அப்பா அந்தத் தாளையும் மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வந்தார். பெரியையா இப்போது இல்லை. லண்டனிலிருக்கும் அவர் மகன் யாருக்கும் எள் இறைப்பதில்லை. போன மாதம் கனடாவிலிருக்கும் என் தம்பி அந்த மரத்தை யாரும் சேர்த்து எழுதக்கூடிய இணையத்தளம் ஒன்றில் ஏற்றியிருந்தான். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துரையும் கொப்பாட்டனும் ஒரே ஆள் என்று நினைத்து, துரையின் தகப்பன், பாட்டன் எல்லோரையும் யாரோ மேலே ஒட்டிவிட்டிருந்தார்கள். பண்டத்தரிப்பில் பிறந்த பிள்ளைக்கு அமெரிக்கத் தகப்பன்! திருத்தச் சொன்னால், “ஆதாரம் இருக்கோ அக்கா?” என்கிறான் தம்பி.

கிணற்றடியில் விட்ட தண்ணீருக்கு நான் எங்கே போய் ஆதாரம் எடுப்பது? அவருடைய ஆட்கள் சொல்லமாட்டார்கள் என்று பெரியையா சொன்னார். அந்த ஆட்களில் நானும் ஒருத்தி. பென்சில் எழுத்தை அப்பா அழித்த நாளுக்குப் பிறகு, அந்தப் பெயரை நானும் வாய் திறந்து சொன்னதில்லை.