மாவு குடித்த ரேடியேட்டர்

கஞ்சி கொதிக்கிற வாசனை காருக்குள்ளிருந்து வந்து நான் முகர்ந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில், எங்கள் கிழங்கு மாவுக் கடை வாசலில், அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் பழைய கறுப்புப் "பிளஷர்" கார் நடுப்பகலில் ஆவி கக்கிக்கொண்டு நின்றது.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த காலம் அது. நெடுஞ்சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வாரமாகப் பஸ் இல்லை. அத்தாவின் தங்கை ராபியாவுக்கு, எனக்குக் குப்பி, அதாவது அத்தை, கல்வராயன் மலைப் பள்ளியில் டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் அந்த வேலை இல்லை. மலைப் பாதையில் மரம் எதுவும் விழவில்லை, ஆனால் மேலே போக எங்கள் கார் ஒன்றுதான் வழி. அதன் ரேடியேட்டரோ ஓட்டைக் குடம் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

ஓட்டை அடைய மஞ்சள் தூள் போடுவார்கள் என்று யாரோ சொல்ல, அத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மஞ்சத்தூளுக்கே அடையும்னா நம்ம மாவுக்கு அடையாதா?" என்று, ஊர்ச் சுவரொட்டிக்கெல்லாம் பசை கொடுத்த மரவள்ளி மாவில் இரண்டு கை அள்ளிப் போட்டார். ஒழுகல் நின்றேவிட்டது. அந்தப் பெருமையைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போன மாவு வெந்து, பசையாகி, குழாய்களை அடைத்துக்கொண்டது. பதறிப்போய் மூடியைத் திறந்தவரின் வலது கையை ஆவி வேகவைத்துவிட்டது.

மெக்கானிக் கோவிந்து வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், காருக்குக் காய்ச்சலா? கஞ்சி வெச்சுக் குடுத்துக்கிறீங்க" என்று கேட்டுவிட்டு, பிறகு சிரிக்காமல் சொன்னார்: "இது தேறாதுங்க. வேற மாத்தணும். தியாகதுருகம் ரைஸ்மில்லுல இதே மாதிரி வண்டி ஒண்ணு சும்மா நிக்குது, கேட்டா அதோட ரேடியேட்டரக் குடுப்பாங்க. இஞ்சினுக்குள்ள போன கஞ்சியக் கழுவவே எனக்கு ஒரு நாளு ஆவும்."

அத்தா கட்டுப் போட்ட கையோடு கண் கலங்கினார். "என்னால உன் வேல போச்சேம்மா" என்றார்.

"அழுதுக்கினு இருந்தா ஓட்டை அடையுமாண்ணே?" என்ற குப்பி, மறுநாள் வியாழக்கிழமை விடிந்ததும் சேலையை இழுத்துச் செருகி, தலையில் முக்காட்டை இறுக்கி, என்னைப் பின்னால் உட்கார வைத்துச் சைக்கிளை மிதித்தாள். விழுந்து கிடந்த மரங்களை வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம்.

மில்காரர் நல்ல மனிதர், ரேடியேட்டரைக் கழற்றியே கொடுத்தார். குப்பி அதை உடனே சைக்கிளில் கட்டிவிடவில்லை. ஒரு வாயைத் துணியால் அடைத்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கி, மறுவாயில் தன் வாயை வைத்து ஊதினாள். "குமிழி வருதா பாரு" என்றாள். வரவில்லை. உதடெல்லாம் துருவோடு அவள் நிமிர்ந்து சிரித்தபோது, இவளைப் போல் ஆகவேண்டும் என்று முதன்முதலாக நினைத்தேன்.

திரும்பும்போது கேரியரில் கனமான சாமான். வரப்பில் இறங்க முடியவில்லை. தார் ரோட்டிலேயே தள்ளிக்கொண்டு வந்தோம். குறுக்கே வெட்டிப் போட்டிருந்த பெரிய மரத்தின் மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒருவர் எழுந்து வந்தார்.

"இன்னாங்க அது?"

"ரேடியேட்டருங்க. நாளைக்கு மலையில டீச்சரா சேரணும். இல்லன்னா வேல போய்டும்."

அவர் குனிந்து கேரியரைப் பார்த்தார். "எங்க புள்ளைங்களுக்கும் அந்த மாதிரி வேல வேணும்னுதாங்க ஒக்காந்துக்கினு இருக்கோம்" என்றார்.

குப்பி அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "கேளுங்க. கெடைக்கணும்."

அவர் திரும்பிக் குரல் கொடுத்தார். "டேய், வாங்கடா. டீச்சரம்மா சாமானத் தூக்கி அந்தாண்ட வைங்க. மெதுவாடா, மெல்லிசுத் தகடு!" நாலு பேர் ரேடியேட்டரைக் கைமாற்றி மரத்தைத் தாண்டி இறக்கினார்கள். சைக்கிளையும் தூக்கினார்கள். என்னையும்தான்.

அன்று மாலையே கோவிந்து நாலு போல்ட்டை முடுக்கி, ஹோஸ்களை மாட்டித் தண்ணீர் ஊற்றினார். வெள்ளிக்கிழமை அவரே ஓட்ட, மலையேறும்போது வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தச் சொல்லி, அத்தா இறங்கி இடது கையால் அடியில் தடவிப் பார்த்தார். சொட்டு ஈரம் இல்லை. நகத்தில் துருவோடு குப்பி பள்ளிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

அந்தக் காரை எப்போதோ இரும்புக்குப் போட்டாயிற்று. அத்தா இல்லை. ரோட்டை அகலமாக்கியதில் மிஞ்சியிருந்த புளியமரங்களும் போயின. ஓய்வுபெற்ற குப்பி என் வீட்டில்தான் இருக்கிறாள். தியாகதுருகம் பக்கம் போகும்போதெல்லாம் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, அன்று மரம் கிடந்த, இப்போது எதுவுமில்லாத இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

"பேருகூடக் கேக்காம வந்துட்டேன்டி" என்பாள். "அவங்க புள்ளைங்களுக்கு வேல கெடச்சிருக்குமா?"