மடியில் வைத்த கலசம்

"ஆனி கடைசிச் செவ்வாய். திருவனந்தபுரம் விமான நிலையம். அஸ்திக் கலசத்துடன் ஒருவர்." என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. அவர் துபாயிலிருந்து என் பக்கத்து இருக்கையில் வந்தவர். பேசும்போதே நகக்கண்ணில் இருந்த கரியைப் பல்லால் சுரண்டித் துப்புவார்.

சுங்கத்தில், கலசத்துக்குள் உலோகம் தெரிவதாக நிறுத்தினார்கள்.

"அப்பா இடுப்புல ஆபரேசன் பண்ணி வச்ச ஸ்டீலு சார். எரியாமக் கெடந்துச்சு," என்றார் கண் கலங்கி. அதிகாரி எழுந்து கும்பிட்டு அனுப்பினார்.

தென்காசிக்கு ஒரே காரில் வந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு, கலசத்தை நானே மடியில் வைத்துக்கொண்டேன். ஆரியங்காவு தாண்டியதும் அவர் கலசத்தின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். உள்ளே கைவிட்டு, மோட்டார் சைக்கிள் கியர்ச் சக்கரம் ஒன்றை எடுத்து ஊதினார். சாம்பல் என் உதட்டில் படிந்தது.

"அப்பா அஸ்தியிலயா இத வச்சீரு?"

"அப்பா இலத்தூர்ல நல்லாத்தான் இருக்காரு அண்ணாச்சி. அவரு பழைய வண்டிக்குத்தான் இது. இங்கன கெடைக்காது. கொண்டாந்தா சுங்கத்துல டூட்டி கட்டச் சொல்லுவாம்லா."

"அப்ப இது யாரு சாம்பலு?"

"ரூம்ல கூட இருந்தவன் குடுத்தான். யாருதுன்னு நான் கேக்கல."

மறுபடி நகத்தைச் சுரண்டினார்.

அவரை இலத்தூர் விலக்கில் இறக்கிவிட்டு, குற்றாலம் மெயினருவியில் சட்டையோடு போய் நின்றேன். என் உதட்டில் பட்டது விறகுச் சாம்பலா, ஒரு மனிதரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.