வெயில் படாத துண்டு

அக்கா வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு வெள்ளைப் பூத்துண்டு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் நான்கு விரல்கள், எதிர்ப்பக்கம் ஒரு கட்டைவிரல், மஞ்சளாகப் பதிந்திருக்கும். மஞ்சள் கறை எந்தச் சோப்புக்கும் மசியாது. ஆனால் நல்ல வெயிலில் கிடந்தால் தானாக வெளுத்துவிடும். ஓசூரில் மஞ்சள் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அக்கா அந்தத் துண்டை வெயிலில் காட்டுவதே இல்லை.

அது மாமாவின் கை. மாமா என்றால் அக்காவின் கணவர். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருந்தார். மஞ்சளை அரைத்து, அதன் சத்தை மட்டும் பிரித்துப் பொடியாக்கி, மூட்டுவலி மாத்திரைக்கு அனுப்புகிற கம்பெனி. கையுறை போட்டாலும் முகமூடி போட்டாலும் அந்தப் பொடி உள்ளே போய்விடும். சட்டைக் காலர், காது மடல், நகக்கண் எல்லாம் மஞ்சள். வீட்டில் குழாய்த் திருகு, சுவிட்சு, செல்போன் உறை, தலையணை என்று அவர் தொட்ட இடமெல்லாம் மஞ்சள். புது மாப்பிள்ளையாக எங்கள் ஊரான தளிக்கு வந்தபோது, நலங்கு வைத்தது இன்னும் போகவில்லையா என்று கேலி செய்தோம். அவருக்கு அதில் பெருமைதான். "மத்த மருந்தெல்லாம் சண்ட போடும்மா. எங்க சரக்கு சமாதானம் பண்ணும். வீக்கம் எங்க இருந்தாலும் போயித் தணிச்சிடும்" என்பார். ஒருமுறை கால் பிசகி நான் நொண்டிக்கொண்டிருந்தபோது பற்றுப் போட்டுவிட்டார், வீக்கம் வடிந்தது. பொய் சொல்லுகிற ஆள் இல்லை அவர்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் அவர்களுக்குப் பையன் பிறந்தான். அப்போது மார்கழி. ஓசூர் குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பச்சை உடம்புக்காரிக்கும் பிள்ளைக்கும் காற்றுப் படக்கூடாது என்று சன்னலைச் சாத்தி, அதன்மேல் கம்பளியைத் தொங்கவிட்டு, ஒரு சின்ன பல்பை மட்டும் எரியவிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாமா வேலை முடிந்து ஓடிவந்து, அக்கா தடுக்கத் தடுக்க, பிள்ளையை அந்தத் துண்டோடு வாரி எடுத்தார். கீழே வைத்தபோது துண்டில் கை பதிந்திருந்தது. "போச்சு, புதுத் துண்டு" என்றாள் அக்கா. அவள் அவ்வளவு சந்தோஷமாகக் கோபித்துக்கொண்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளானான். அந்த வீட்டில் அது யார் கண்ணுக்கும் வித்தியாசமாகப் படவில்லை. கன்னத்தைத் துடைத்துப் பார்த்தார்கள், போகவில்லை. அப்பன் நிறம் ஒட்டிக்கொண்டது என்று சிரித்தார்கள். பால் குடிப்பது குறைந்தது, தூங்கிக்கொண்டே இருந்தான். அழாத பிள்ளை, சமர்த்து என்றார்கள். பாதம் சில்லென்று இருந்தது. இந்தக் குளிரில் யார் பாதம்தான் சில்லென்று இல்லை? வீட்டுக்கார அம்மா, கன்னடக்காரி, பிரியமானவள், வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஜ்வரா இல்லம்மா, பயப்படாதே" என்றாள். எல்லோரும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டோம். காய்ச்சல் இல்லையென்றால் நோய் இல்லை என்பதுதானே நமக்குத் தெரிந்த வைத்தியம்.

மறுநாள் என் கம்பெனியில் காலை ஷிப்டு முடிந்து, நான் பகலிலேயே அங்கே போனேன். அறையைக் கூட்ட வேண்டும், கொஞ்ச நேரம் பிள்ளையை வைத்துக்கொள் என்றாள் அக்கா. வாசலுக்குத் தூக்கி வந்தேன். வெளிச்சம் பட்டதும் கண்ணை லேசாகத் திறந்தான். கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை. கண்ணுக்குள் மாமாவின் கை போயிருக்க முடியாது.

ஓசூரில் பார்த்த டாக்டர் உடனே கிருஷ்ணகிரிக்குக் கொண்டு போகச் சொன்னார். ஆம்புலன்ஸில் மாமா பிள்ளையின் பக்கத்தில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தார். குந்தாரப்பள்ளியில் அன்று சந்தை. மாடு ஏற்றிய வண்டிகள் சாலையை அடைத்து நின்றன. ஆம்புலன்ஸ் அலறுகிறது, ஒன்றும் நகரவில்லை. மாமா இறங்கி ஓடி, ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் கும்பிட்டுக் கும்பிட்டு வழி கேட்டார். தமிழில் கேட்டார், கன்னடத்தில் கேட்டார், தெலுங்கில் கேட்டார். வழி கிடைத்தது. அந்த மஞ்சள் கைகள் வெயிலில் கூப்பி நின்றது இன்றும் எனக்குள் எரிகிறது.

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது, மஞ்சள் அதன் அடையாளம் என்றார். "காய்ச்சலே இல்லீங்களேம்மா" என்றார் மாமா. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "பெரியவங்களுக்குக் கிருமி புகுந்தா உடம்பு சுடும், வீங்கும், சிவக்கும். ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள் சண்டை போடற அடையாளம் அது. பொறந்த குழந்தைக்கு அந்த அணுக்கள் இன்னும் வேலை பழகலீங்க. கிருமி இருக்கிற இடத்துக்கு வந்து சேரவே நேரமாகும். அதனால பல குழந்தைங்களுக்குச் சுடாது, சில்லுனுதான் ஆகும். அப்புறம் வந்துட்டா நிறுத்தவும் தெரியாது. கிருமியோட சேர்த்து உடம்பையும் அடிக்கும்."

கடைசியில் சொன்னதை மாமா பற்றிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். கம்பெனிப் பொடி. "அந்த அடியைத்தானேம்மா இது அடக்கும். பாலு போற குழாயில துளி கலந்து உடுங்க. கலப்படமே இல்லாத சரக்கும்மா, நானே எடுத்தது" என்றார். குரல் கெஞ்சலாக ஆரம்பித்து அழுகையில் முடிந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவில்லை. "நீங்க சொல்றதுல பொய் இல்லீங்க. செடிகொடியில இருக்கிற இந்த மாதிரிச் சத்தை, பச்சக் குழந்தை அணுக்கள் மேல போட்டு ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்க. ஆனா அது கண்ணாடிக் குழாய்ல. எவ்வளவு குடுக்கணும், எப்பக் குடுக்கணும்னு யாருக்கும் தெரியாது. இப்ப அவன் போடறதே சின்னச் சண்டை. அதையும் நான் அடக்கிட்டா அவனுக்கு யாருங்க இருக்கா?" என்றார். மாமா பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். வாழ்நாளெல்லாம் நம்பிய ஒன்று, பொய்யாகாமலேயே கைவிட்டுப் போவதை அன்று அவர் முகத்தில் பார்த்தேன்.

உள்ளே போக வேண்டுமானால் முழங்கை வரை கழுவ வேண்டும். அக்கா கழுவிவிட்டுப் போனாள். மாமா கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். நகத்தால் சுரண்டினார். நர்சு வந்து, "சோப்புப் போட்டாச்சுல்ல, கறை இருந்தாப் பரவால்ல, உள்ள வாங்கண்ணா" என்று கூப்பிட்டாள். அவர் வரவில்லை. "இந்தக் கையாலதான் தெரியாமப் போச்சு" என்றார். உள்ளே நீல விளக்கின்கீழ் பையன் கண் கட்டப்பட்டுக் கிடந்தான். அக்கா கண்ணாடிக்குள்ளிருந்து கை காட்டிக் காட்டிக் கூப்பிட்டாள். அவர் ஒவ்வொரு முறையும் குழாயடிக்கே திரும்பிப் போனார். மருந்து ஏறியது, சுவாசக் கருவி வந்தது. எதுவும் அவனைப் பிடித்து நிறுத்தவில்லை. அவன் போனபோதும் மாமா குழாயடியில்தான் இருந்தார். அவர் தன் பிள்ளையைப் பிடித்ததற்கு மிச்சம் அந்தத் துண்டில் பதிந்தது மட்டும்தான்.

யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. குளிர்மேலா, கம்பளிமேலா, காய்ச்சல் பார்த்த அந்த நல்ல மனுஷிமேலா? கோபம் மட்டும் போகவில்லை.

இந்த வருஷம் எனக்குப் பெண் பிறந்தாள். மாமா பார்க்க வந்தார். மஞ்சள் கம்பெனியை எப்போதோ விட்டுவிட்டு இப்போது லாரி ஓட்டுகிறார். கைகள் சாதாரணக் கைகளாகிவிட்டன. வந்தவர் உட்காரவில்லை. "வெளிச்சத்துக்கு எடுத்துட்டு வாம்மா" என்றார். எடுத்து வந்தேன். "நெத்தில அமுக்கிப் பாரு." நீங்களே பாருங்க மாமா என்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் அமுக்கி எடுத்தேன். அமுக்கிய இடம் மஞ்சள் காட்டாமல் வெளுத்து, மெல்லச் சிவந்தது. "செவப்புதானே?" என்றார். "செவப்புதான் மாமா." அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரம் பிள்ளையோடு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைக்குத் துணிமணி ஏதாவது தரலாம் என்று அக்கா பீரோவைத் திறந்தபோது துண்டின் ஓரம் தெரிந்தது. மாமா பார்த்துவிட்டார். வெளியே நல்ல வெயில். "அத இன்னும் எதுக்கு வெச்சிருக்கற? ஒரு நாள் வெயில்ல போடு. என் கைய என்னாலயே பாக்க முடியல" என்றார்.

அக்கா துண்டை எடுத்து மடியில் விரித்தாள். விரல்களை அவள் தொடவில்லை. விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில், எந்தக் கறையும் இல்லாமல் இருந்த அந்தச் சாண் அகல வெள்ளையில் உள்ளங்கையை வைத்தாள்.

"உங்க கைக்காகவா வெச்சிருக்கேன்? அவன் இருந்த எடம் இதுதாங்க" என்றாள்.

மாமா எழுந்துபோய், வெயில் விழுந்துகொண்டிருந்த சன்னலைச் சாத்தினார்.