மெடல் வாங்கிய கங்காணி

எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி புவனேஸ்வரனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், இரண்டாவது வார்த்தைக்கே எனக்கு மூச்சு வாங்கும். அவனும் நானும் ஒரே தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நேரில் பார்த்தால் 'வாங்க கங்காணி' என்பேன். மனசுக்குள் அவன் 'அவன்'தான். இங்கே மனசில் இருப்பதைத்தான் எழுதுகிறேன்.

அவனுடைய அப்பா பழனியப்பன் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் லோரி ஓட்டியவர். அதிகம் பேசாத மனுஷன். அவர் பேசாமல் மிச்சம் வைத்ததையெல்லாம் மகன் பேசித் தீர்க்கிறான் என்று லயத்து வீடுகளில் சொல்வோம். அவனும் எங்களோடு கொழுந்து வெட்டத்தான் வந்தான். கத்தரியைப் பிடித்தால் தோள் வலிக்கும், மழை தூறினால் இருமல் வரும். அப்புறம் தோட்டத்து மேனேஜர் துரை போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே குடை பிடித்து நடந்து கங்காணி ஆனான். அன்றைக்கு நின்ற இருமல் இன்றுவரை திரும்ப வரவில்லை.

நாற்பத்தைந்து வயதில் கிளினிக்கில், கொழுப்பு ஏறிக் கிடக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்றார்கள். நடக்கச் சொன்னால் இவன் ஓட ஆரம்பித்தான். விடியற்காலைப் பனியில், முழுக்கைச் சட்டையும் மஞ்சள் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கியா பார்ம் பக்கம் ஓடிவிட்டு வருவான். சப்பாத்துச் சேற்றைப் பெண்டாட்டி வசுமதி குழாயடியில் உட்கார்ந்து தேய்ப்பாள். அந்தச் சப்பாத்துக்கு நடந்த அபிஷேகம் எங்கள் மாரியம்மனுக்குக்கூட நடந்ததில்லை.

போன வருஷம் கீழே ஈப்போ பக்கம் போய் அரை மாரத்தான் ஓடிவிட்டு, கழுத்தில் மெடலோடு வந்து இறங்கினான். எங்களுக்குத் தெரிந்து மெடல் என்பது பள்ளி விளையாட்டுப் போட்டியில் முதல் மூன்று பேருக்குக் கொடுப்பது. ஜெயித்துவிட்டான் என்று நினைத்தோம். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மெடலைத் தடவிக்கொண்டே சிரித்தான். கோயில் கமிட்டி பொன்னாடை போர்த்தியது. துரை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கை குலுக்கினார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவன் எங்கள் பத்து மணித் தேத்தண்ணியில் கை வைத்தான்.

காலையிலிருந்து குனிந்து வெட்டுகிறவர்கள் பத்து மணிக்குத் தேயிலை நிரையின் முனையில் உட்கார்ந்து, கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்து, எதையாவது கடித்துக்கொள்வோம். எங்கள் அம்மாக்கள் காலத்திலிருந்து நடப்பது. மெடல் வந்த அடுத்த வாரம் பெரட்டில் நின்று சொன்னான்:

"இருபத்தோரு கிலோமீட்டர் ஓடுறவன் நடுவுல உக்காந்து தேத்தண்ணியா குடிக்கிறான்? நடுவுல குடிச்சா ஒடம்பு கனத்துப் போகும் லா. இனிமே மத்தியானம்தான்."

ஜெயித்த ஆள் சொல்கிறானே என்று துரையும் தலையாட்டினார்.

எங்களுக்கு அது கோபம். பக்கத்து நிரையில் வெட்டும் திலகத்துக்கோ அது பிழைப்பே போகிற விஷயம். அவளுக்கு இனிப்பு நீர் வியாதி. காலையில் மாத்திரை போட்டால் பத்து மணிக்கு இரண்டு பிஸ்கட்டாவது உள்ளே போக வேண்டும். கேட்டுப் பார்த்தாள். வீட்டிலேயே தின்றுவிட்டு வரச் சொன்னான். ஒரு நாள் முற்பகலில் அவள் கத்தரியோடு செடிக்குள் சரிந்தாள். அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வேர்வை. நான் அவள் வாயில் சீனியைப் போட்டு உட்கார வைத்தேன். புவனேஸ்வரன் வந்து பார்த்துவிட்டு, ஸ்டாமினா பத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். என் கையில் கத்தரி இருந்தது. அவன் கழுத்தும் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. என்னமோ சும்மா இருந்துவிட்டேன்.

இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான் என்றாள் திலகம். புருஷன் இல்லாதவள். வேலை போனால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். எங்கே போவாள்?

இந்த வருஷம் சித்தியவானில் ஓட்டம். கைதட்ட ஆள் வேண்டுமே, துரையிடம் பேசி எங்களுக்குத் தோட்டத்து பஸ்ஸை வாங்கிவிட்டான். நான் கடல் பார்க்கப் போனேன். திலகம் கருவாடு வாங்க வந்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் அவன் பேச்சுதான். மலையில் ஓடிய உடம்புக்குக் கீழே ஓடுவது இறக்கத்தில் போவது மாதிரியாம், தண்ணீர் தொடமாட்டானாம்.

சித்தியவான் கோயில் மண்டபத்தில் தங்கி, விடியும்போது ரோட்டுக்கு வந்தோம். வெயில் இன்னும் வரவில்லை, அதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. காற்றே இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஈரமாகச் சுட்டது. ஓட்டம் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கோயில் இளைஞர்கள் தண்ணீர் மேசை போட்டிருந்தார்கள். ஊற்றியதைவிடச் சிந்தியதே அதிகம். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நாங்களே கப்புகளை வாங்கி ஊற்ற ஆரம்பித்தோம். வழி நெடுக இப்படி மேசை உண்டு, குடிக்காமல் ஓடினால் இந்தப் புழுக்கத்தில் விழுந்துவிடுவார்கள் என்றான் அந்த இளைஞர்களில் ஒருவனான மகேன். அவன் வேனுக்குள் பெட்டி பெட்டியாக மெடல். யாருக்கு இத்தனை என்று கேட்டேன்.

"முடிக்கிற எல்லாருக்கும்தான் அக்கா."

கோயிலில் சுண்டல் கொடுப்பதுபோல எல்லாருக்கும்! நாங்கள் இதற்குத்தான் பொன்னாடை போர்த்தினோம்.

ஓடிவந்தவர்கள் எல்லாரும் குடித்தார்கள். எங்களைவிடப் பருமனான ஒரு சீன ஆன்ட்டி இரண்டு கப் குடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். கூட்டமெல்லாம் வடிந்த பிறகு எங்கள் வீரர் வந்தார். அதே முழுக்கைச் சட்டை, பிழிந்தால் ஒரு வாளி வரும். முகம் வேகவைத்த பீட்ரூட். கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போயின. நேராகத் திலகத்தின் முன்னால் வந்து கையை நீட்டினான். அந்த அப்பாவி உடனே கப்பை எடுத்து நீட்டினாள். நான் குறுக்கே அதை வாங்கிக்கொண்டேன்.

"நடுவுல குடிச்சா ஒடம்பு கனத்துப் போகுமே, கங்காணி."

"யோகேஸ்வரி, தண்ணி..."

"பத்து மணித் தேத்தண்ணி உண்டா, இல்லியா?"

அவன் கப்பைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"உண்டு."

"எல்லாருக்கும் கேக்கட்டும்."

"உண்டு லா, உண்டு."

கொடுத்தேன். குடித்தான், குடித்தான், குடித்துக்கொண்டே இருந்தான். திலகம் அவனை நாற்காலியில் உட்கார வைத்து, முந்தானையில் முடிந்திருந்த தன்னுடைய இரண்டு பிஸ்கட்டையும் அவன் கையில் திணித்தாள். அதையும் தின்றான். எனக்கு அவன்மேல் வந்ததைவிட அவள்மேல்தான் அப்போது கோபம் வந்தது.

மிச்சத்தை நடந்தே முடித்து, மெடலை வாங்கிக்கொண்டான். மலை ஏறும்வரை பஸ்ஸில் வாயைத் திறந்தபடி தூங்கினான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, பேச்சு மாறினால் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தயாராக நின்றேன். அவனே விசில் ஊதினான்.

"எல்லாரும் உக்காருங்க. ஓட்டக்காரங்க நடுவுல கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும், அதான் சயின்ஸ். சித்தியவான்ல நானே செஞ்சு பாத்தேன் லா."

எப்படிக் குடிக்க வேண்டும், எத்தனை மடக்கு, வாயில் எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று நின்றபடியே பாடம் நடத்தினான். கழுத்தில் புது மெடல் ஆடியது. நான் பதில் சொல்ல எழுந்தேன். திலகம் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"பேசட்டும் விடு. பேசற வரைக்கும் உக்காந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றாள்.