மறுநாள்தான் சேவ்

அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் முப்பத்திரண்டு அலுவலகங்கள். எல்லாம் ஓரறை வாடகைக்காரர்கள். அத்தனை பேருக்கும் இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் இருந்தது. அதைக் கட்டி மேய்க்கிறவளை எல்லோரும் ஸ்விட்ச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. அறுபதைத் தாண்டிய பல் டாக்டரும் அக்கா என்றே கூப்பிடுவார். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எல்லோருக்கும் வாசல் தெரிய வேண்டும், பக்கத்து அறை தெரியக் கூடாது. வக்கீலின் கம்ப்யூட்டருக்குள் பல் டாக்டரின் கம்ப்யூட்டர் எட்டிப் பார்த்துவிட்டால் வம்பாயிற்றே. இந்த ஏற்பாட்டுக்கு பிரைவேட் விலான் என்று பெயர். ஒவ்வொரு அறையின் ஒயரும் ஸ்விட்ச்சில் வந்து செருகிக்கொள்ளும் இடம் போர்ட். முப்பத்திரண்டு போர்ட்டுகளையும் ஒன்றையொன்று அறியாதபடி பிரித்துவைத்து, வெளியே போகும் ஒரே ஒரு வாசல் போர்ட்டோடு மட்டும் பேச விட்டிருந்தாள். இரண்டு அறைக்காரர்கள் தங்களுக்குள் ஃபைல் அனுப்பிக்கொள்ள வேண்டுமென்றால் ஒரு தாளில் எழுதிக் கதவருகே இருக்கும் பெட்டியில் போட வேண்டும். அவர்களை மட்டும் ஒரு குழுவாகச் சேர்த்துவிடுவாள்.

இதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த மாற்றத்தையும் செய்த அன்றே சேவ் பண்ண மாட்டாள். சேவ் பண்ணாத வரை, கரண்ட் போய் வந்தால் ஸ்விட்ச் புதியதை மறந்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். முதல் வேலையில் ஒரு தப்பான கட்டளை வரியைச் சூட்டோடு சூடாகச் சேவ் பண்ணி, ஒரு ஆபீஸையே அரை நாள் முடக்கியவள் அவள். அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஒரு நாள் ஓடட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்பாள்.

மூன்றாம் மாடியில் வீட்டு வரைபடம் போடுகிற ஒருவன் இருந்தான். அவளுடைய சொந்தத் தம்பி. அந்த அறையைப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான். இருவரும் பேசி நான்கு வருஷமாயிற்று. அவள் காலி பண்ணிப் போகட்டும் என்று அவனும், அவன் போகட்டும் என்று அவளும் அதே கட்டடத்தில் இருந்தார்கள். ரோஷத்தில் அக்காவுக்குத் தம்பி சளைத்தவனில்லை.

காரணம் அப்பா. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு அவசர ஆபரேஷன் என்றபோது தம்பி வழியில் வந்துகொண்டிருந்தான். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பத்து நிமிஷம் கழித்து அவன் ஓடி வந்தபோது ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியிருந்தது. அப்பா திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் அம்மா வழியாகத்தான். அம்மா இருந்தது அக்காவோடு. தம்பி போனில் அம்மாவிடம் சொல்வான், அம்மா அவளிடம் சொல்வாள். அங்கே கொட்டுகிற தேளை இங்கே வாழைப்பழமாக்கிக் கொடுக்கிற சாமர்த்தியம் அம்மாவுக்கு இருந்தது. மூன்றாம் மாடியில் நெட் மெதுவாக இருக்கிறது என்பதைக்கூட அம்மாதான் வந்து சொல்வாள். இப்படியே காலம் போய்விடும் என்று அவள் நினைத்திருந்தாள்.

போன வாரம் அம்மாவின் தொண்டையில் இருந்த சின்னக் கட்டியை எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று அம்மாவே ஒரு பாஷையைக் கண்டுபிடித்துக்கொண்டாள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. இனி அவனைப் பற்றி யார் சொல்வார்கள் என்ற பயம் முதல் தடவையாக அவளுக்கு வந்தது. ஒரு மாதம் இப்படிப் போனால், பிறகு நிரந்தரமாகவே போய்விடுமோ?

அன்று பதினோரு மணிக்கு மேல் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. என் அறையையும் எதிரே உள்ள இன்ஜினீயர் அறையையும் ஒரு குழுவில் போடவும், இருவரும் சேர்ந்து முடித்து இன்று மதியம் ஒரு மணிக்குள் படங்களை வெளியே அனுப்ப வேண்டும். கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 'ற' போடும்போது அவன் வாலைக் கொஞ்சம் அதிகமாக இழுப்பான். அந்தத் தாளை அவள் தேவைக்கு மேல் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழுவை உண்டாக்கி, இரண்டு போர்ட்டையும் அதில் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டாள்.

அவள் திரும்பியபோது ஸ்விட்ச் அறை வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். முன்தலை நரைத்திருந்தது. தினமும் படியில் ஏறி இறங்குகிறவன்தான், இவள்தான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"அம்மாவுக்கு போன் பண்ணேன். அக்காகிட்ட சொல்றியான்னு கேட்டேன். ரெண்டு தட்டு தட்டிட்டு வச்சிட்டா."

அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள்.

"எதிர் ரூம் தெரியுது. வெளியதான் எதுவும் போகல."

அவளுக்கு உடனே புரிந்தது. இந்தப் புதுக் குழுவையும் சேர்த்துக்கொள் என்று வாசல் போர்ட்டுக்கு ஒரு வரி சொல்ல வேண்டும். இருபது வருஷ அனுபவக்காரி அதைக் கோட்டை விட்டிருந்தாள். இரண்டு அறைகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, வாசல் இல்லாமல் உட்கார்ந்திருந்தன. உட்கார்ந்து அந்த வரியை அடித்தாள். அவன் திரையைப் பார்த்தபடி நின்றான்.

"சேவ் பண்ணலயா?"

"நாளைக்குத்தான். தெரியாதா உனக்கு?"

"தெரியும்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான், "இந்த டப்பாவுக்கு ஒரு நாள் காத்திருக்கற. அப்பாவுக்குப் பத்து நிமிஷம் காத்திருக்கலயே அக்கா."

நான்கு வருஷமாக அம்மா வடிகட்டி வைத்திருந்தது இதுதான் போலிருக்கிறது. டாக்டர் அவசரப்படுத்தினார் என்று சொல்லலாம். அது பொய்யுமில்லை. ஆனால் முழு உண்மையும் அதுவல்ல.

"போன் கையிலதான் இருந்துச்சு. உன் குரலைக் கேட்டா கையெழுத்து போட முடியாதுன்னு பயந்துட்டேன்டா. கூப்பிட்டிருக்கணும். தப்பு என்மேலதான்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் இருந்த ஒயர்களைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். போதாக்குறைக்கு மேலே இன்ஜினீயரம்மா அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள், படமெல்லாம் வெளியே போய்ச் சேர்ந்துவிட்டதாம். மணி பன்னிரண்டே முக்கால்.

படியில் கால் வைத்தவன் நின்றான். "நாளைக்குள்ள கரண்ட் போனா?"

"எல்லாம் அழிஞ்சிரும். திரும்பப் போடணும். வந்து சொல்லு."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான். வேற யார்கிட்ட சொல்லுவ?"

மறுநாள் கரண்ட் போகவில்லை. பத்து மணிக்கு அவள் சேவ் பண்ணினாள். பதினோரு மணிக்கு அவன் இறங்கி வந்து, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான்.