நான்கு நிமிஷ ரத்தம்

டார்சி கொவால்ச்சுக் தொழில்முறை ஐஸ் ஹாக்கியில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவர். அடித்த கோல் பத்தொன்பது. இழந்த பல் ஏழு. கோலைவிடப் பல்லுக்கே அதிக மரியாதை தரும் ஊர் பீவர் ஸ்லூ. ஆகவே ஊர் எல்லையில் அவருக்கு ஒரு பலகை வைக்க நகரசபை ஏகமனதாகத் தீர்மானித்தது. பலகையில் படமும் உண்டு: இறுதியாட்டத்தில் உதடு கிழிந்து, மோவாய் வரை ரத்தம் வழிய, நடுவரைப் பார்த்து நிற்கும் டார்சி.

அந்த ரத்தத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. எதிராளியின் முகத்தில் மட்டை பட்டால், பட வைத்தவர் இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வேண்டும்; அதுவரை அவர் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். ரத்தம் வந்துவிட்டால் நான்கு. அன்று எதிரணியில் ஆடிய லார்ன் பீஷ், அவரும் இதே ஊர்க்காரர்தான், வீசிய மட்டை டார்சியின் வாயில் பட்டது. ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி. டார்சி நடுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அணியின் நலன் கருதி, தம் கீழுதட்டைத் தாமே கடித்தார். நாலாவது நிமிஷத்தில் கோல் விழுந்தது, கோப்பையும் வந்தது.

அதோடு போயிருந்தால் பாதகமில்லை. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய முதல் பனிக்காலத்தில், டார்சியின் வாசலில் லார்ன் பனி வாரிக்கொண்டிருந்தார்.

"என்னடா இது?"

"உன் மூஞ்சியைக் கிழிச்சவன்டா நான். இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

டார்சி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். "காபி குடிக்கிறியா?" என்ற கேள்விதான் வெளியே வந்தது.

இப்படியே பத்தொன்பது பனிக்காலம். காபியில் மட்டும் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

பலகை திறக்க இரண்டு நாள் இருக்கையில், மனைவி ஜோலீன் சன்னலோரம் நின்று சொன்னாள்: "பாவம், இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வாருறாரு. நீ இங்க நின்னு காபி ஆத்துறே."

டார்சி வெளியே போனார்.

"லார்ன், அந்த உதட்டை நானேதான் கடிச்சேன். உன் மட்டை கிழிக்கலடா."

லார்ன் சிரித்தார். "பலகை வைக்கிறாங்கன்னதும் அடக்கம் பழகுறியாக்கும்?"

"சத்தியமா."

சிரிப்பு நின்றது. "அதுக்கப்புறம் நான் மட்டையை இடுப்புக்கு மேல தூக்கினதே இல்ல, தெரியுமா? எவன் கிட்ட வந்தாலும் உன் வாய்தான் கண்ணு முன்னால நிக்கும். பயந்தாங்கொள்ளின்னு மறு வருஷமே என்னை வீட்டுக்கு அனுப்பிட்டானுங்க."

டார்சிக்கு அது தெரியாது. ஒருநாளாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஊரில் கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமே மன்னிப்புக் கேட்பார்கள். அந்த ஒரு சொல் இப்போது பார்த்து அவர் வாயில் வரவில்லை.

லார்ன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பாதி வாசல் அப்படியே கிடந்தது.

டார்சி கொட்டகை முழுக்கத் துழாவினார். "ஜோலீன், நம்ம பனி வாருற மண்வெட்டி எங்க?"

"நமக்கு ஏது? லார்ன் அவரோடதைத்தானே கொண்டாருவாரு. போய்க் கேட்டு வாங்கிட்டு வாயேன்."

டார்சி முழங்காலிட்டுக் கைகளால் பனியை அள்ளத் தொடங்கினார். தெருவில் போன கார் ஒன்று ஊர் நாயகனுக்கு ஹாரன் அடித்து வணக்கம் வைத்தது. அவர் நிமிரவில்லை.