முட்டியோடு வரும் சந்தேகம்

ஊரில் காலைப் பிடித்துப் பிழைக்கிறவர்கள் பலர் இருக்கலாம். அதைப் போர்டு மாட்டி வெளிப்படையாகச் செய்கிறவள் நான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். விளையாட்டில் முட்டி போனவர்களும், தொடையின் பின்சதை பிடித்துக்கொண்டவர்களும்தான் அதிகம் வருகிறார்கள். அந்தப் பின்சதைக்கு ஹாம்ஸ்ட்ரிங் என்று பெயர். முட்டியை மடக்குவதும், கீழ்க்கால் முன்பக்கம் நழுவாமல் இழுத்துப் பிடிப்பதும் அதன் வேலை. இதை முட்டியைத் தடவிக்கொண்டே படிக்கிற அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: வலி வந்தால் கூடவே சந்தேகமும் வந்துவிடும்.

நரம்பு எங்கே?

சங்கராபுரம் பக்கத்திலிருந்து பிரபு என்ற கபடி ஆட்டக்காரர் வந்தார். ரெய்டு போய்த் திரும்பும்போது முட்டிக்குள் தசைநார் அறுந்து, வெளியூரில் ஆபரேஷன் முடித்திருந்தார். துணைக்கு வந்த அவர் அப்பா கரும்பு வெட்டுகிறவர். கதவைச் சாத்திவிட்டு, மகனின் தொடைக்குப் பின்னால் கன்றிப்போயிருந்த இடத்தைக் காட்டினார். "அடி பட்டது முட்டியில. தொடையில இன்னா வேல அவங்களுக்கு? கிட்னி எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டுக்கீறேன். இப்ப நரம்பையும் எடுக்கறாங்களா?"

எடுத்தது உண்மைதான், ஆனால் அது பிரபுவின் முட்டிக்குள்ளேயே போயிருக்கிறது என்றேன். அறுந்த நாருக்குப் பதிலாகத் தொடைத் தசையின் நார் ஒன்றை எடுத்துப் பொருத்துவார்கள்; பயிற்சி செய்தால் மீதித் தசை அந்த வேலையையும் பார்த்துக்கொள்ளும். அவர் நம்பவில்லை. தினமும் ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரபுவுக்கோ குப்புறப் படுத்துக் குதிகாலைத் தூக்கவே தெம்பில்லை. இனி ஆடவே முடியாதோ என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

மாதங்கள் போயின. ஒருநாள் அப்பாவையே அந்தக் குதிகாலைப் பிடிக்கச் சொன்னேன். மகன் முட்டியை மடக்கி இழுத்த இழுப்பில் ஸ்டூலோடு சரிந்துவிட்டார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. "சரிம்மா, நரம்பு உள்ளதான் கீது. ஆனா அந்த நல்ல கால்ல எதுனா கைய வெச்சாங்களான்னு ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

மாஸ்டர் டீ குடிக்கப் போனபோது

கல்வராயன் மலையிலிருந்து வந்து கீழே ஹாஸ்டலில் படிக்கிற பெண் செல்வி. வாலிபாலில் துள்ளி அடித்து இறங்கும்போது முட்டி மடங்கி விழுந்தாள். மறுவாரம் ஃபைனல். அவளுடைய பி.டி. மாஸ்டர் அழைத்து வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நடிக்கிறா மேடம். ஊருக்குப் போவணும், அதான்."

படுக்க வைத்துத் தொடையை ஒரு கையால் பிடித்து, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தேன். உள்ளே நார் அறுந்திருந்தால் அது முன்னால் நழுவும்; அசையவில்லை. "பாத்தீங்களா?" என்றார் மாஸ்டர், தலைமாட்டில் நின்றபடி. எனக்கும் சந்தேகம் தட்டியது. ஆனால் அவள் தொடைக்குக் கீழே இருந்த என் விரலுக்கு வேறொன்று தெரிந்தது. பின்சதை கல் மாதிரி இறுகியிருந்தது. பயத்தில் இறுகினால் அந்தத் தசையே காலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; உள்ளே நார் அறுந்திருந்தாலும் வெளியே தெரியாது.

மாஸ்டரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். அவர் வாசல் தாண்டியதும் செல்வி மூச்சு விட்டாள், சதை தளர்ந்தது. மறுபடி இழுத்தேன். கீழ்க்கால் சறுக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

நார் அறுந்திருக்கிறது என்று திரும்பி வந்தவரிடம் சொன்னேன். ஃபைனலில் இறக்கியிருந்தால் முட்டியே போயிருக்கும். அவர் முகம் சுண்டிப்போய், "ஏம்மா, அவ்ளோ வலின்னு சொல்லக் கூடாதா?" என்றார். செல்வி எழுந்து உட்கார்ந்தாள். "சொன்னேன் சார். நீங்க என் மூஞ்சியதான் பாத்தீங்க, காலப் பாக்கல."

போட்டிக்காரி

மணலூர்பேட்டை தேவகி போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருந்தபோது தொடைப் பின்சதை கிழிந்தது. கொஞ்ச நாள் ஓடக் கூடாது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க சொந்தத்துல யாராச்சும் இந்த செலக்‌ஷனுக்கு வராங்களா மேடம்?"

இல்லை என்று சத்தியம் செய்யாத குறை. அடுத்த வாரமே வலி சுத்தமாகப் போய்விட்டது என்று வந்து நின்றாள். இப்போது சந்தேகப்படுவது என் முறை. குப்புறப் படுக்க வைத்து, என் கையை எதிர்த்து முட்டியை மடக்கச் சொன்னேன். வாய் சிரித்தது, விரல்கள் மட்டும் பெட்ஷீட்டைக் கசக்கின. வேண்டாம் என்றேன். கேட்காமல் செலக்‌ஷனில் போய் ஓடினாள். பாதித் தூரத்தில் சுருண்டு விழுந்தவளை அவள் அண்ணன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அன்று அவள் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை, திட்டவும் மனம் வரவில்லை.

பிறகு சொன்னதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். அடுத்த செலக்‌ஷனில் ஓடித் தேறினாள். டிரெயினிங் முடித்து, காக்கி உடுப்பில் விறைப்பாக வந்து என் எதிரே உட்கார்ந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "இப்பதான் நான் உள்ள போய்ட்டேனே மேடம், இனிமேலாச்சும் நெசத்தச் சொல்லுங்க. அன்னிக்கு யாருக்காக என்ன ஓடாதன்னு சொன்னீங்க?"

இத்தனை வருஷத்தில் என் கையை முழுசாக நம்புகிறவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அவரும் தன் முட்டிவலிக்கு விழுப்புரத்துக்கு பஸ் ஏறிவிடுகிறார்.